லைட் ரோஸ்ட்டும் டார்க் ரோஸ்ட்டும் ஒரே பில்டர்ல: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் வீட்டுலயே காபிக்கொட்டை வறுக்கிறதப் பத்தி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடுதாசியும் வாட்ஸ்அப்பும் நிக்கவே மாட்டேங்குது. அதுல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். லேசா வறுத்ததையும் கருக்க வறுத்ததையும் கலக்கலாமா, கலந்தா எவ்வளவு, எப்போ கலக்கணும். அதனால இந்தத் தடவ அத மட்டும் எடுத்துக்கிட்டேன். இட்லி மாவு பொங்கலன்னு கேட்டவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

அக்கா, ஒரு வருஷமா இரும்பு வாணலில பிளான்டேஷன் ஏங்குற தரத்து அரபிக்கா கொட்டை வாங்கி வறுக்குறேன். லேசா வறுத்தா வாசன தெரு வரைக்கும் வருது, ஆனா பால் ஊத்தினதும் மோர் மாதிரி ஒரு புளிப்பு. கருக்க வறுத்தா கலரு திக்கு எல்லாம் கிடைக்குது, வாசனையக் காணோம், வெறும் கசப்பு. சரின்னு ரெண்டையும் பாதிக்குப் பாதி கலந்தேன், புளிப்பும் இருக்கு கசப்பும் இருக்கு. எங்க தப்பு பண்றேன்? (கும்பகோணத்துல இருந்து ஒரு வாசகி)

பாதிக்குப் பாதி போட்டதும் தப்புதான், ஆனா அது ரெண்டாவது தப்பு. முதல் தப்பு உங்க ரெண்டு வறுவலுக்கும் நடுவுல இருக்கிற தூரம். எல்லாரும் விகிதத்தப் பத்தியே கேக்குறாங்க, 70க்கு 30ஆ 80க்கு 20ஆன்னு, ஆனா ரெண்டு வறுவலும் ஒண்ணுக்கொண்ணு எட்டாத தூரத்துல இருந்தா எந்த விகிதம் போட்டாலும் டம்ளர்ல தனித்தனியாத்தான் நிக்கும்.

வாணலில என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாப்போம். பச்சைக் கொட்டையில 10லேர்ந்து 12 சதவீதம் ஈரம் இருக்கும். முதல் நாலஞ்சு நிமிஷம் அது காயுறதுதான், வைக்கோல் வாசன வரும், கொட்டை பச்சையில இருந்து மஞ்சளா மாறும், அப்ப கொட்டையோட சூடு 150 டிகிரி பக்கம். அப்புறம் பழுப்பாகி, ரொட்டி சுடுற மாதிரி வாசன வந்து, 196, 200 டிகிரி வாக்குல சோளம் பொரியுற மாதிரி பட் பட்டுன்னு வெடிக்கும். அதுதான் முதல் வெடிப்பு. அது ஒரு ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஓடி அடங்கிரும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் 225 வாக்குல ரெண்டாவது வெடிப்பு, இது கடுகு தாளிக்கிற சத்தம், சன்னமா, வேகமா, கூடவே நீலமா புகை. அதுக்கும் மேல விட்டா கொட்டை மேல எண்ணெய் மினுங்க ஆரம்பிக்கும், அப்புறம் கரிதான்.

இப்ப உங்க கதைக்கு வருவோம். "லேசா"ன்னு நீங்க நிறுத்துறது அநேகமா முதல் வெடிப்பு ஆரம்பிச்ச உடனே, சத்தத்துக்குப் பயந்து. வெளிய பழுப்பு, உள்ள இன்னும் வேகல. "கருக்க"ன்னு நிறுத்துறது எண்ணெய் மினுங்குன பிறகு. ரெண்டுத்தையும் ஒரே பில்டர்ல போட்டு கொதிக்கிற தண்ணி ஊத்துறீங்க. கருக்க வறுத்த கொட்டை உப்பி, உள்ள பொத்தலா, நொறுங்குற பதத்துல இருக்கும், அதனால தண்ணி பட்டதுமே இருக்குற எல்லாத்தையும் குடுத்துரும், கசப்பையும் சேர்த்துத்தான். லேசா வறுத்தது கல்லு மாதிரி இறுகலா இருக்கும், மெதுவாத்தான் குடுக்கும். காபியில முதல்ல கரையுறது புளிப்பு, அதுக்கப்புறம்தான் இனிப்பு, கடைசியில கசப்பு. அப்ப லேசானதுல இருந்து வெறும் புளிப்பு மட்டும் வருது, கருத்ததுல இருந்து கசப்பு வரைக்கும் மொத்தமா வருது, நடுவுல இருக்க வேண்டிய இனிப்பு ரெண்டுலயும் சிக்கல. நீங்க குடிச்சது அதைத்தான்.

அதனால முதல்ல ரெண்டையும் கிட்ட கொண்டு வாங்க. லேசானத முதல் வெடிப்பு முழுசா அடங்கி இன்னும் முக்கா நிமிஷம், ஒரு நிமிஷம் விட்டு எறக்குங்க, புளியங்கொட்டை நிறத்துக்கு ஒரு படி முன்னாடி இருக்கும். கருத்தத ரெண்டாவது வெடிப்புல முதல் பத்து சத்தம் காதுல விழுந்ததும் எறக்கிருங்க, கருப்பட்டி நிறம், எண்ணெய் வெளிய தெரியக் கூடாது. அவ்வளவுதான். இதுக்கு அப்புறம் விகிதம் பேசலாம்.

பால் காபிக்கு என் கணக்கு கருத்தது முக்கா பங்கு, லேசானது கால் பங்கு. பால்ல கொழுப்பும் இனிப்பும் இருக்கு, அதத் தாண்டி காபி தெரியணும்னா கருத்ததோட கனம் வேணும், லேசானது வாசனைக்கு மட்டும், ரசத்துல கடைசியா கொத்தமல்லி தூவுற மாதிரி. கட்டன், அதாவது பால் இல்லாம குடிக்கிறவங்க, லேசானதக் கூட்டி 60, கருத்தது 40 போட்டா நல்லா இருக்கும். இது என் நாக்கு. உங்க நாக்குக்கு எதுன்னு கண்டுபிடிக்க கொட்டையக் கலக்க வேண்டியதே இல்ல, டிகாஷனக் கலந்தாப் போதும். வீட்டுல சின்ன பில்டர் ரெண்டு இருக்குமே, ஒண்ணுல லேசானது 20 கிராம், இன்னொண்ணுல கருத்தது 20 கிராம், ரெண்டுலயும் 150 மில்லி வெந்நி. இறங்குனதும் நாலு டபராவ வரிசையா வச்சு சின்ன ஸ்பூன் (டீஸ்பூன்ல பாதி) கணக்குல கலங்க, ஒண்ணுல 9 ஸ்பூன் கருத்தது 1 ஸ்பூன் லேசானது, அடுத்ததுல 8க்கு 2, அப்புறம் 7க்கு 3, 6க்கு 4. எல்லாத்துலயும் ஒரே அளவு சூடான பால், சக்கரை வேண்டாம். வீட்டுல யாரையாச்சும் விட்டு டபராவ இடம் மாத்தச் சொல்லிட்டு குடிங்க. நான் 7க்கு 3தான் எனக்குப் புடிக்கும்னு பத்து வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தேன், கண்ண மூடிக் குடிச்சா ரெண்டு தடவையும் 8க்கு 2தான் எடுத்தேன். கடைசியில ரெண்டுக்கும் நடுவுல வந்து நின்னதுதான் இந்த முக்கா பங்கு கணக்கு.

பீபெரி அரை கிலோவும் ரோபஸ்டா செர்ரி அரை கிலோவும் வாங்கி வச்சிருக்கேன். ஒண்ணாப் போட்டு வறுக்குறதா, தனித்தனியாவா? கடையில ஒண்ணாத்தான் மெஷின்ல கொட்டுறாங்க. (கோயம்புத்தூர்)

தனித்தனியா. கடைக்காரர் ஒண்ணாக் கொட்டுறாருன்னா அவரு மெஷின் பெருசு, உருளை நிக்காம சுத்துது, தினம் அதே கொட்டை அதே கலவை, கண்ணு பழகிருச்சு, நேரமும் மிச்சம். நம்ம வாணலி அப்படி இல்ல. பீபெரிங்கிறது ஒரு பழத்துல ரெண்டு பருப்புக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு உருண்டையா விளையுறது, அது வாணலில கோலிக்குண்டு மாதிரி உருளும், எல்லாப் பக்கமும் சூடு சமமா வாங்கும். தட்டைக் கொட்டை அப்படியே படுத்துக்கும், படுத்த பக்கம் கருகும். போதாக்குறைக்கு ஒண்ணு அரபிக்கா ஒண்ணு ரோபஸ்டா, ரெண்டும் வேற வேற காபி ஜாதி, உள்ள இருக்குற ஈரமும் இறுக்கமும் வேற வேற, அதனால வெடிக்கிற நேரமும் வேற. ஒண்ணாப் போட்டா எது வெடிக்குதுன்னே காதுக்குத் தெரியாது. வீட்டுல வறுக்குறவங்களுக்கு காதுதான் தெர்மாமீட்டர், அத ஏன் குழப்பிக்கணும்.

உங்ககிட்ட இருக்குற ரெண்டுல லேசா வறுக்க வேண்டியது பீபெரி, கருக்க வறுக்க வேண்டியது ரோபஸ்டா. மாத்திப் பண்ணிராதீங்க. ரோபஸ்டாவ லேசா எறக்குனா பச்சை வேர்க்கடலையும் சாக்குப் பையும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி வரும், அது எந்தப் பாலுக்கும் மசியாது.

இன்னொண்ணு, கலக்குறது எடைக் கணக்குல இருக்கட்டும், டம்ளர்க் கணக்கு வேண்டாம். கருக்க வறுத்தது உப்பி எடை குறைஞ்சு போயிருக்கும், ஒரு டம்ளர் லேசானதும் ஒரு டம்ளர் கருத்ததும் தராசுல வச்சா சமமா இருக்காது, லேசானதுதான் கனமா இருக்கும். வறுக்குறப்ப போற எடையும் கணக்குல எடுத்துக்கோங்க. நான் சொன்ன லேசான பதத்துல 13 சதவீதம் வாக்குல போகும், கருத்ததுல 18 வாக்குல. அதாவது 200 கிராம் பச்சைக் கொட்டை போட்டா ஒண்ணுல 174, இன்னொண்ணுல 164 கிராம் கைக்கு வரும். கால் கிலோ பொடி வேணும், 70க்கு 30ன்னா கருத்ததுக்கு 215 கிராம் பச்சை, லேசானதுக்கு 87 கிராம் பச்சை எடுத்துக்கோங்க. இந்த எடையக் குறிச்சு வைக்கிற பழக்கம் இன்னொண்ணுக்கும் உதவும், அடுத்த தடவ அதே பதம் வந்துச்சான்னு கண்ணு ஏமாத்தும், தராசு ஏமாத்தாது.

ஒரே கொட்டைய ரெண்டு விதமா வறுத்துக் கலந்தா நல்லா இருக்குமா, இல்ல ரெண்டு வேற கொட்டை கட்டாயமா? எங்ககிட்ட ஏற்காட்டுல தாத்தா காலத்து நாலஞ்சு செடிதான் இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு மூணு கிலோ வரும். (சேலம்)

குடுத்து வச்சவங்க. ஏற்காட்டுக்கு காபி வந்தே இருநூறு வருஷம் ஆச்சு, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் 1820கள்ல கொண்டு வந்து வச்சது, அந்த மலைக் காபிய வெளியூர்க்காரன் காசு குடுத்து வாங்குறப்ப உங்களுக்கு கொல்லையிலயே காய்க்குது. ஒரே கொட்டை தாராளமாப் போதும். ஆரம்பிக்கிறவங்களுக்கு அதுதான் நல்லதுன்னே சொல்வேன், ஏன்னா ருசியில என்ன வித்தியாசம் வந்தாலும் அது வறுவலால வந்ததுன்னு தெரிஞ்சிரும்.

இதுக்கு ஒரு வழி இருக்கு, எங்க அப்பா பண்ணுவாரு. வத்தலக்குண்டுல எங்க வீட்டுப் பின்கட்டுல கையால சுத்துற தகர உருளை ஒண்ணு கெடந்துச்சு, கரி அடுப்பு மேல வச்சு, பக்கத்துல ஒரு கைப்பிடி, சின்னதா ஒரு தள்ளுக் கதவு. தாண்டிக்குடி மலையில இருந்து யாராச்சும் பச்சைக் கொட்டை குடுத்து விட்டா ஞாயித்துக்கிழமை அதுதான் வேல. முதல் வெடிப்பு அடங்குனதும் கதவத் திறந்து மூணுல ஒரு பங்க முறத்துல கொட்டுவாரு, மிச்சத்த மூடி இன்னும் சுத்துவாரு. முறத்துல கொட்டுனத நானும் தம்பியும் புடைக்கணும், வெள்ளையா சவ்வு மாதிரி தோலு பறந்து தலையெல்லாம் ஒட்டிக்கும், பள்ளிக்கூடம் போனா காபிக்கட வந்துருச்சுடான்னு கிண்டல் பண்ணுவானுங்க. அப்புறம் மிச்சமும் வந்ததும் ரெண்டையும் ஆற வச்சு தனித்தனி டின்னுல. கலக்குறது அம்மா வேல, அவங்க கை அளவுக்கு தராசு தோத்துச்சு.

வாணலிலயும் இதப் பண்ணலாம், ஒரு எச்சரிக்கையோட. பாதிய எடுத்ததும் வாணலில இருக்குற கொட்டை குறைஞ்சிரும், அடுப்பு அதே அளவு எரிஞ்சா மிச்சக் கொட்டைக்கு சூடு ஒரேயடியா ஏறும், நீங்க முறத்துக்கிட்ட விசிறிக்கிட்டு இருக்குறப்ப இங்க ரெண்டாவது வெடிப்பு தாண்டி ஓடிரும். எடுக்குறதுக்கு அரை நிமிஷம் முன்னாடியே தீயக் குறைங்க, இன்னொரு ஆளு கிளறிக்கிட்டே இருக்கணும். தனியாப் பண்றவங்க ரெண்டு தடவையா வறுக்குறதுதான் நிம்மதி. அடுப்ப அணைச்சுட்டா வேல முடிஞ்சதுன்னும் நினைக்காதீங்க, இரும்பு வாணலி சூட்ட விடாது, கொட்டை அதுல கெடந்தா இன்னும் ஒரு படி கருக்கும். உடனே முறத்துலயோ அகலமான எவர்சில்வர் தட்டுலயோ கொட்டி, ஃபேனுக்கு அடியில வச்சு, மூணு நாலு நிமிஷத்துல கை தாங்குற சூட்டுக்கு வந்துரணும். லேசான வறுவலுக்கு இது ரொம்ப முக்கியம், நீங்க ஆசையா நிறுத்துன பதம் ஆற வைக்கிறதுல தொலைஞ்சு போகும்.

வறுத்த அன்னைக்கே ரெண்டையும் கலந்து அரைச்சு பாக்கெட் போட்டேன், மறுநாள் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிருச்சு. கெட்டுப் போச்சா? (சென்னை, மேற்கு மாம்பலம்)

கெடல. வறுத்த கொட்டைக்குள்ள கார்பன் டை ஆக்சைடு நிறைய அடைஞ்சு கெடக்கும், அது நாள் கணக்குல வெளிய வந்துக்கிட்டே இருக்கும், அரைச்சா ஒரேயடியா வரும். பில்டர்ல புதுப் பொடி போட்டு வெந்நி ஊத்துனா நுரைச்சுக்கிட்டு மேல வந்து, டிகாஷன் ஒழுங்கா இறங்காம அடம் புடிக்கும் பாருங்க, அதுவும் இந்த கேஸ்தான்.

கலக்குறவங்களுக்கு இதுல ஒரு சிக்கல். கருத்தது சீக்கிரம் கேஸ விட்டுரும், மூணு நாள்ல குடிக்கத் தயார், ஆனா சீக்கிரமே பழசாகவும் ஆயிரும், எண்ணெய் மேல வந்துருச்சுன்னா சிக்கு வாசன அடிக்கும். லேசானது ஒரு வாரமாச்சும் கெடக்கணும், அப்பத்தான் வாசன திறக்கும். அதனால நான் ஞாயித்துக்கிழமை லேசானத வறுத்துருவேன், வியாழக்கிழமை கருத்தது, அடுத்த ஞாயிறு ரெண்டையும் கலந்து அந்த வாரத்துக்கு மட்டும் அரைப்பேன். கொட்டையாவே காத்துப் போகாத டப்பாவுல வைங்க, முழுசா முட்ட மூடாம முதல் ரெண்டு நாள் மூடிய லேசாத் தளர்த்தி வைங்க. பிரிட்ஜ் வேண்டாம், மெட்ராஸ் வெக்கையில வெளிய எடுத்த நிமிஷம் டப்பா வேர்க்கும், அந்த ஈரம் கொட்டைக்குப் போகும், கூடவே நேத்து வச்ச மீன் குழம்பு வாசனையும்.

மிக்ஸியிலதான் அரைக்குறேன் மேடம். கலந்து போட்டா பாதி மாவாகுது, பாதி ரவையா நிக்குது. (திருநெல்வேலி)

மாவாகுறது கருத்தது, ரவையா நிக்குறது லேசானது. மேல சொன்னதுதான், ஒண்ணு நொறுங்கும் ஒண்ணு கல்லு. தனித்தனியா அரைச்சு பொடியாக் கலங்க. அதுக்குப் பொறுமை இல்லன்னா லேசானத முதல்ல போட்டு நாலு தடவ விட்டு விட்டு ஓட்டிட்டு, அப்புறம் கருத்தத மேல போட்டு இன்னும் நாலு ஓட்டு. ஒரேயடியா ஓட்டாதீங்க, ஜார் சூடாகி வாசன அங்கயே போயிரும். பில்டருக்கு ரொம்ப மாவும் ஆகாது, ஓட்டை அடைச்சுக்கிட்டு ராத்திரி போட்ட டிகாஷன் காலையில அப்படியே மேல நிக்கும்.

கலவைக்கு சிக்கரி எவ்வளவு சேர்க்கலாம்? மாமியார் 40 சதவீதம் இல்லாம காபியே இல்லங்குறாங்க. (மயிலாடுதுறை)

மாமியார் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் பேசுறாங்க, கடையில விக்குற கலவையில காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாதுங்குறதுதான் விதி, அதாவது சிக்கரி 49 வரைக்கும் போகலாம். ஆனா நீங்க மெனக்கெட்டு லேசான வறுவல் போடுறது வாசனைக்கு, சிக்கரி 40 போட்டா அந்த வாசன அதுக்கு அடியில புதைஞ்சிரும், அப்புறம் எதுக்கு ரெண்டு தடவ அடுப்படியில நிக்கணும். சிக்கரி குடுக்குற கலரும் கனமும் கருத்த வறுவலே பாதி குடுத்துரும், அதனால 10, மிஞ்சிப் போனா 15. மாமியாருக்கு இப்படிப் பண்ணுங்க, அவங்க பங்குக்கு லேசானதே போடாம வெறும் கருத்ததும் 30 சிக்கரியும் கலந்து தனி டப்பாவுல வச்சிருங்க. ஒரே வீட்டுல ரெண்டு டப்பா இருக்குறதுல ஒரு அவமானமும் இல்ல, எங்க வீட்டுல மூணு இருக்கு.

கருக்க வறுத்தா காபியில இருக்குற கஃபீன் கூடுமா? (மதுரை)

கூடாது. வறுக்குறதுல கஃபீன் பெருசா மாறுறதில்ல. அது கூடுறதும் குறையுறதும் கொட்டையோட ஜாதியப் பொறுத்தது, ரோபஸ்டாவுல அரபிக்காவ விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. தூக்கம் வரலன்னா வறுவலக் குத்தம் சொல்லாதீங்க, டப்பாவுல ரோபஸ்டா எவ்வளவுன்னு பாருங்க.

இங்க கடையில கிடைக்குற கோப்பி தூளோட, ஊர்ல இருந்து கொண்டு வந்த கொட்டைய லேசா வறுத்து கலக்கலாமாங்க? (மலேசியா, கிள்ளான்)

கலக்கலாம், ஆனா அந்தத் தூளு நம்ம கருத்த வறுவல் மாதிரி இல்லங்கிறத மனசுல வச்சுக்கோங்க. அங்க கோப்பிக்கடைக் கொட்டைய சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பாங்க, சீனி உருகிக் கருகி கொட்டை மேல பூச்சு மாதிரி ஒட்டிக்கும், அந்தக் கருப்பும் அந்தப் பாகுக் கசப்பும் பாதி சீனியோடது. ஈப்போ வைட் காபின்னு சொல்றாங்களே அதுல சீனி கிடையாது, மார்ஜரின் மட்டும், அதனாலதான் வெளுப்பா இருக்கு. சீனி பூசுனதோட நம்ம லேசானதக் கலந்தா வாசன அமுங்கிரும், வைட் காபி வகையோட கலந்தா பரவால்ல, மூணுக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க. ஒரு விஷயம், சீனி பூசுன தூள எவர்சில்வர் பில்டர்ல போடாதீங்க, பிசுபிசுன்னு ஓட்டைய அடைச்சுக்கும். துணிப்பை வடிகட்டி இருக்குல்ல அங்க, அதுதான் அதுக்குத் தோது.

ரெண்டு வறுவலையும் கலக்காம, எல்லாத்தையும் நடுத்தரமா ஒரே பதத்துல வறுத்தா அதே ருசி வராதா? எதுக்கு இவ்வளவு கஷ்டம்? (ஈரோடு)

நியாயமான கேள்வி. வராது, ஆனா வர்றது மோசமும் இல்ல. நடுத்தரமா எறக்குன ஒரே வறுவல் சுத்தமா, ஒழுங்கா, எந்த மூலையும் துருத்தாம இருக்கும். கலந்ததுல முதல் வாயில ஒண்ணு, முழுங்குனதுக்கு அப்புறம் ஒண்ணுன்னு ரெண்டு அடுக்கு தெரியும், மேல வாசன, அடியில கனம். அந்த ரெண்டு அடுக்கு உங்களுக்கு வேணுமாங்குறதுதான் கேள்வி. அரக்க பரக்க ஆபீஸ் கிளம்புறப்ப குடிக்கிற காபிக்கு நடுத்தரம் போதும்னு நானே சொல்வேன், என் மூணு டப்பாவுல ஒண்ணு அதுதான். பத்து தடவ நடுத்தரமா ஒரே மாதிரி வறுக்க வந்ததுக்கு அப்புறம் கலக்க ஆரம்பிங்க, ஒரு வறுவலே கை நிக்காதவங்க ரெண்டு வறுத்துக் கலந்தா எது எதால கெட்டதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

போன வாரம் போன் வந்துச்சுன்னு பேசிக்கிட்டே அரை கிலோவக் கருக்கிட்டேன். தூக்கிப் போட மனசு வரல. லேசா வறுத்ததக் கூட நிறையப் போட்டு கலந்தா சரியாயிருமா அக்கா? (திருச்சி, உறையூர்)

ஆகாது தங்கச்சி. நானும் பண்ணிப் பாத்தவதான். நாலு வருஷம் முன்னாடி மொட்டை மாடியில கேஸ் அடுப்ப வச்சு வறுத்துக்கிட்டு இருந்தேன், ரெண்டாவது வெடிப்பு வர நேரம் பாத்து கீழ காலிங் பெல், சிலிண்டர்க்காரர், கையெழுத்து போட்டுட்டு ஏறி வர்றதுக்குள்ள பக்கத்து வீட்டு அம்மா சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஏம்மா எதுவும் பத்திக்கிச்சான்னு கத்துறாங்க. கொட்டை பளபளன்னு கருவண்டு மாதிரி இருக்கு, பாக்க அழகாத்தான் இருந்துச்சு. 400 கிராம் பீபெரி. நீ கேக்குற அதே யோசன எனக்கும் வந்துச்சு, லேசானது ஒன்பது பங்கு போட்டு இது ஒரே ஒரு பங்கு போட்டேன், பத்துல ஒண்ணு. அந்த ஒண்ணு மிச்ச ஒன்பதையும் சேர்த்துக் கெடுத்துச்சு. ஒரு மடக்குல அணைச்ச கொள்ளிக்கட்டை வாசன. சாம்பாருல உப்பு கூடுனா உருளைக்கிழங்கு போட்டு சமாளிக்கலாம், அடி புடிச்ச சாம்பாருக்கு என்ன போட்டாலும் அடி புடிச்ச வாசனதானே, அதே கதை. இத்தனைக்கும் அந்த லேசான 360 கிராம் நல்ல கொட்டை, அதையும் சேர்த்து இழந்தேன், அதுதான் வயித்தெரிச்சல்.

அரை கிலோவையும் துணியில முடிஞ்சு பிரிட்ஜுலயும் செருப்பு அலமாரியிலயும் வையி, வாடைய இழுத்துக்கும். எங்க வீட்டு செருப்பு அலமாரியில அந்த பீபெரி இன்னும் இருக்கு, திறக்குறப்ப எல்லாம் என் வீட்டுக்காரர் டிகாஷன் இறங்கிருச்சான்னு கேக்குறாரு.